முழங்காலுக்குக் கால் மணி நேரம்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள். பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் பாட்மின்டன் அரையிறுதி ஆட்டம். ஸ்பெயின் நாட்டின் கரோலினா மரின், சீனாவின் ஹெ பிங்ஜியாவோவை எதிர்த்து முதல் ஆட்டத்தை 21-14 என்று வென்றுவிட்டார். இரண்டாவது ஆட்டத்திலும் அவரே முன்னணியில் இருந்தார். அப்போது ஒரு பந்தைத் திருப்பியடிக்கப் போய் வலக்காலை ஊன்றியவர், அப்படியே முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தார். அவரை யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. எதிராளியோ வலைக்கு அப்பால் நின்றிருந்தார். முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு மீண்டும் ஆடிப் பார்த்தார். இரண்டு புள்ளிகளுக்கு மேல் முடியவில்லை. கண்ணீரோடு வெளியேறினார். மறுநாள் வெள்ளிப் பதக்கம் வாங்க மேடையேறிய ஹெ பிங்ஜியாவோவின் கையில் ஸ்பெயின் ஒலிம்பிக் குழுவின் சின்னம் ஒன்று இருந்தது.

மரினுக்கு இது முதல் தடவையன்று. 2016இல் ரியோ நகரில் நம் சிந்துவை வென்று தங்கம் பெற்றவர் இவர். 2019 ஜனவரியில் ஜகார்த்தாவில் நம் சாய்னா நேவாலுடன் இறுதியாட்டம் ஆடியபோது இதே வலது முழங்காலின் பிணைநார் அறுந்தது. 2021இல் இடது முழங்காலுக்கு அதே கதி வந்து, டோக்கியோ ஒலிம்பிக் வாய்ப்புப் பறிபோயிற்று.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் நாம் என்ன சொல்கிறோம்? "பாவம், துரதிர்ஷ்டம்" என்கிறோம். வீட்டில் பாட்டி இருந்தால் கண்ணேறு என்பார். இரண்டும் ஏறக்குறைய ஒரே விளக்கந்தான். இதை நான் ஏற்கவில்லை. முழங்கால் பிணைநார் அறுவதற்குத் தெளிவான காரணமும் முறையும் உண்டு. பதின்மூன்று முதல் பதினேழு வயதுக்குள் விளையாடும் மாணவ மாணவியரிடம் இக்காயத்தில் ஏறக்குறைய பாதியைச் செலவே இல்லாமல் தடுக்க முடியும் என்று அறிவியல் காட்டிவிட்டது. அப்படியிருந்தும் நம் பள்ளி மைதானங்களில் அது நடைபெறவில்லை. என் வழக்கு இதுதான். மரினைப் போன்றவர்களுக்குத் தேர்ந்த பயிற்சியாளர்கள் இருந்தும் காயம் நேர்கிறதே என்று கேட்கலாம். நேரத்தான் செய்யும். ஒருமுறை அறுந்த முழங்கால் மறுபடி அறுவது எளிது. தவிர, எந்தத் தடுப்பு முறையும் முழுக்காப்பு அன்று. அம்மைத் தடுப்பூசி போட்டவர்களில் சிலருக்கும் அம்மை வருகிறது. அதனால் ஊசி வீண் என்று யாரும் சொல்வதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நாளிதழ்கள் இதைத் 'தசைநார்க் கிழிவு' என்று எழுதுகின்றன. அறுவது தசையன்று. தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது வேறொன்று. அதை இக்கட்டுரையில் பிணைநார் என்றே அழைப்போம். விளையாட்டுக்காரர்கள் 'லிகமென்ட்' என்பது இதைத்தான்.

முழங்கால் ஒரு விந்தையான மூட்டு. இடுப்பு மூட்டில் பந்து கிண்ணத்துக்குள் பொருந்துவதுபோல் எலும்பு பொருந்தியிருக்கிறது. முழங்காலில் அப்படி இல்லை. தொடையெலும்பின் உருண்ட முனை, கீழ்க்கால் எலும்பின் ஏறக்குறையத் தட்டையான மேடையின்மேல் நிற்கிறது. தட்டின்மேல் வைத்த உருண்டை உருளாமலிருக்க வேண்டுமானால் அதைக் கயிறுகளால் கட்டவேண்டும். அந்தக் கயிறுகள் நான்கு. மூட்டின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக உட்பக்கப் பிணைநார், வெளிப்பக்கப் பிணைநார். மூட்டின் நடுவே, பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டு முன் குறுக்குப் பிணைநார், பின் குறுக்குப் பிணைநார். இரண்டு எலும்புகளுக்கும் இடையில் பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள் மெத்தைபோல் கிடக்கின்றன.

இவற்றுள் பெயர்பெற்றது முன் குறுக்குப் பிணைநார். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஏ.சி.எல். என்பார்கள். நீளம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அகலம் ஒரு சென்டிமீட்டர். உங்கள் சுண்டுவிரலில் பாதி. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், மூட்டு அளவுக்கு மீறித் திருகாமலும் காப்பது இதன் வேலை. இளைஞரின் பிணைநாரைச் சோதனைக் கூடத்தில் இழுத்துப் பார்த்ததில், அறுவதற்குச் சராசரியாக 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. அதாவது 220 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டாற்போல. இவ்வளவு உறுதியான நார், யாரும் தொடாமலே எப்படி அறுகிறது?

விசையைக் காட்டிலும் அது வரும் திசையும் வேகமும்தான் இங்கே முக்கியம். ஏறக்குறைய நிமிர்ந்த காலை ஊன்றி, முழங்கால் உட்புறமாகச் சாய்ந்து, மேலுடல் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலின் எடை முழுதும் அந்த ஒற்றைக் காலில். முன்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பை முன்னோக்கி இழுக்கிறது. அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கவேண்டிய பின்தொடைத் தசை இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. அந்த இடைவெளியில் சுமை முழுதும் பிணைநாரின்மேல் விழுகிறது. 'டக்'கென்று ஓர் ஓசை. பலரும் அதைத் தம் காதாலேயே கேட்டதாகச் சொல்வார்கள்.

இந்த இடைவெளி எவ்வளவு நேரம்? கைப்பந்து, கூடைப்பந்து ஆடிய பெண்களுக்கு முழங்கால் அறுந்த பத்து நிகழ்ச்சிகளின் வீடியோப் படங்களை எடுத்து, நார்வே நாட்டு ஆய்வுக்கூடத்தினர் சட்டம் சட்டமாக அளந்து 2010இல் வெளியிட்டார்கள். பாதம் தரையைத் தொட்ட 40 மில்லிநொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்று அவர்கள் கணித்தார்கள். மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் என்று நீங்கள் இலக்கண வகுப்பில் படித்திருக்கிறீர்கள். ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரை. பிணைநார் அறுவதற்கு அந்த அரை மாத்திரைகூட வேண்டியதில்லை!

கண்ணால் ஒன்றைக் கண்டு கையையோ காலையோ அசைக்க நமக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகும். ஆகவே "பார்த்து ஆடு", "ஜாக்கிரதையாக இறங்கு" என்று மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்துவதில் பொருளே இல்லை. எச்சரிக்கை மூளையை எட்டி, மூளை தசைக்கு ஆணையிடுவதற்குள் நார் அறுந்திருக்கும். கால் தரையைத் தொடுமுன்பே தசைகள் ஆயத்தமாக இருக்கவேண்டும். அது பழக்கத்தால் மட்டுமே வரும். மிதிவண்டி ஓட்டுபவர் சாயும் பக்கம் கைப்பிடியைத் திருப்புவதைப்போல, நினையாமலே நடக்கவேண்டும். இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

ஆட்டத்துக்கு ஆட்டம்

எல்லா ஆட்டங்களும் முழங்காலை ஒன்றுபோல் வருத்துவதில்லை. நேர்கோட்டில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் பிணைநார் அறுவது அரிது. நெடுந்தொலைவு ஓடுபவருக்கு வருவது பெரும்பாலும் முழங்காற்சில்லைச் சுற்றிய வலி. மிதிவண்டிப் பந்தயக்காரர் கீழே விழுந்தால்தான் உண்டு. மார்பு நீச்சல் அடிப்பவருக்கு, தவளைபோல் காலை உதைத்து உதைத்து உட்பக்கப் பிணைநார் நாளடைவில் நோவு கொள்ளும், அறுந்துபோவதில்லை.

திடீரென்று நிற்பது, திரும்புவது, குதித்து இறங்குவது ஆகிய மூன்றும் எங்கே மிகுதியோ அங்கே ஏ.சி.எல். மிகுதியாக அறுகிறது. கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து, பாட்மின்டன் எல்லாம் இவ்வகை. இக்காயங்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு, யாரும் மோதாமலே நேர்பவை. பாட்மின்டனில் இன்னொரு நுட்பம் உண்டு. மட்டை பிடிக்கும் கைக்கு மறுபக்கம் உயர்ந்து வரும் பந்தைத் தலைக்குமேல் அடித்துவிட்டு, மட்டைக் கைக்கு எதிர்ப்பக்கக் காலில் தனியாக இறங்கும்போது அந்த முழங்கால் அறுவது மிகுதி என்று ஜப்பானிய மருத்துவர்கள் கண்டார்கள். மரின் இடக்கைக்காரர், இருமுறை அறுந்தது வலக்கால்.

ஜிம்னாஸ்டிக்கில் இறங்குவதுதான் ஆட்டத்தின் உயிர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற திரிபுராவின் தீபா கர்மாகர், 2017இல் பயிற்சியின்போது ஏ.சி.எல். அறுந்து அறுவை செய்துகொண்டார். கிரிக்கெட்டில் காயம் குறைவு என்று நினைக்கிறோம். 2023 மார்ச் 31 அன்று ஆமதாபாதில், சென்னை அணிக்கு எதிரான ஐ.பி.எல். முதல் ஆட்டத்தில், எல்லைக்கோட்டருகே பந்தைத் தடுக்கத் தாவிய கேன் வில்லியம்சன் இறங்கும்போது வலது முழங்கால் மடங்கிப் பிணைநார் அறுந்தது. அவரும் தனியாகத்தான் இறங்கினார். அறுவைக்குப்பின் அந்த அக்டோபரில் சென்னைச் சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டத்துக்குத் திரும்பி வந்து 78 ஓட்டங்கள் எடுத்தார்.

மோதலால் வரும் காயத்தின் முகம் வேறு. ஊன்றிய காலின் வெளிப்புறத்தில் ஒருவர் வந்து இடித்தால் உட்பக்கப் பிணைநார் விரிந்து கிழிகிறது. மடக்கிய முழங்காலோடு தரையில் விழுந்தால் பின் குறுக்குப் பிணைநார். நம் கபடியைப் பாருங்கள். பாடிச் சென்றவர் கோட்டை நோக்கித் திரும்புகிறார். ஒருவர் கணுக்காலைப் பற்றிவிட்டார். இன்னொருவர் தொடையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுக்கிறார். பாதம் அசையாது, உடல் திரும்புகிறது; நடுவில் அகப்பட்டது முழங்கால். திருகுவதற்கு இதைவிடத் தோதான கருவியை ஒரு பொறியாளர்கூட வரைந்துதர முடியாது. மல்யுத்தத்திலும் இதே நிலைதான். 2016 ரியோவில் வினேஷ் போகாட் காலிறுதியில் முழங்கால் மடங்கித் தூக்குப்படுக்கையில் கொண்டுபோகப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அவர் 2018 ஆசிய விளையாட்டில் தங்கத்தோடு திரும்பினார்.

பனிச்சறுக்கு நம் நாட்டில் பெரும்பாலோர் காணாத ஆட்டம். ஆயினும் அதன் கதை இங்கே வேண்டும். முன்னெல்லாம் அதில் கீழ்க்கால் எலும்பு முறிவதே பெருந்தொல்லை. விழும்போது சறுக்குப் பலகை காலணியிலிருந்து தானே கழன்றுகொள்ளும் பூட்டு செம்மையடைந்ததும் எலும்பு முறிவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் முழங்கால் குறையவில்லை. பின்னோக்கிச் சாய்ந்து விழுகையில் பலகையின் நீண்ட வால்பகுதி நெம்புகோலாகி முழங்காலைத் திருகுகிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புதுக் கருவி எதுவும் செய்யவில்லை. காயம்பட்டவர்கள் விழும் படங்களைச் சறுக்கு ஆசிரியர்களுக்கும் மீட்புக் காவலர்களுக்கும் போட்டுக் காட்டி, எந்த நிலையில் கால் அறுகிறது, அந்நிலை வருமுன் என்ன செய்யவேண்டும் என்று பழக்கினார்கள். பழகியவர்களிடம் கடுமையான முழங்கால் காயம் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்று 1995இல் அறிவித்தார்கள். பூட்டும் கருவியும் செய்யாததைப் பாடம் செய்தது.

பெண்களின் முழங்கால்

2023இல் நடந்த பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியன் மீடமா ஆகியோர் ஆடவில்லை. மூவரும் அப்போது ஆர்சனல் என்னும் ஒரே சங்கத்துக்காரர்கள், மூவருக்கும் ஏ.சி.எல். அறுந்திருந்தது. ஒரே ஆட்டத்தை ஆடும் ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், கால்பந்திலும் கூடைப்பந்திலும் பெண்களுக்கு இக்காயம் இரண்டு மூன்று மடங்கு நேர்கிறது.

இதற்கு இடுப்பின் அகலம், எலும்பில் பிணைநார் கடந்துவரும் பள்ளத்தின் குறுகல், மாதந்தோறும் மாறும் சுரப்பிநீர் என்று உடற்கூற்றுக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. அவற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இவற்றையே பேசிக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. இடுப்பெலும்பை மாற்ற முடியாது, தசையை மாற்றலாம். பூப்பெய்தும் பருவத்தில் பையனுக்கு உயரத்தோடு தசை வலுவும் தானாக ஏறுகிறது. பெண்ணுக்கு உயரமும் எடையும் ஏறுகின்றன. தசைவலு அதே வேகத்தில் ஏறவேண்டுமானால் பயிற்சி வேண்டும். சரியாக அந்த வயதில் நாம் என்ன செய்கிறோம்? "பெரிய பெண்ணாகிவிட்டாள், இனி என்ன ஓட்டமும் குதியும்" என்று மைதானத்தைவிட்டு எடுத்துவிடுகிறோம். பிறகு குறுவட்டப் போட்டிக்கு ஆள் போதவில்லை என்றதும், ஒன்பதாம் வகுப்பில் உயரமாக இருக்கும் பெண்ணை இரண்டு வாரம் முன்னதாக அழைத்துக் கூடைப்பந்துக் குழுவில் சேர்க்கிறோம். அவள் முழங்கால் அறுந்தால் பழி இடுப்பெலும்பின்மேல்! இதைக் காரணமாக்கிப் பெண்களை விளையாட வேண்டாம் என்பது, மழையில் நனைந்தவனுக்குக் குடை கொடுக்காமல் வெளியே போகாதே என்பதைப் போன்றது.

அறுந்தால் என்ன?

அறுந்தபின் நடப்பதைச் சொன்னால்தான் தடுப்பின் மதிப்புத் தெரியும். 'டக்' ஓசைக்குப்பின் சில மணி நேரத்துக்குள் மூட்டு வீங்குகிறது. உள்ளே இரத்தம் கசிவதால் வரும் வீக்கம் அது. எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்பு முறியவில்லை. "ஒன்றுமில்லை, சுளுக்குதான்" என்று வீடு திரும்புகிறார்கள். எக்ஸ்ரே படத்தில் பிணைநார் தெரியவே தெரியாது என்பதை எல்லோரும் அறிந்திருந்தால் எத்தனையோ முழங்கால்கள் பிழைத்திருக்கும். சுளுக்கு என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எல்லாவற்றையும் போட்டு மூடுகிறோம். எண்ணெய் தடவி உருவிவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிகிறது, வலி குறைகிறது, நேராக நடக்கவும் முடிகிறது. பையன் மறுபடி மைதானத்தில் இறங்கித் திரும்புகிறான், முழங்கால் நழுவுகிறது. இந்தத் தடவை குருத்தெலும்பு மெத்தையும் சேர்ந்து கிழிகிறது. தேர்ந்த எலும்பு மருத்துவர் கீழ்க்காலைக் கையால் முன்னோக்கி இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்; எம்.ஆர்.ஐ. படம் அதை உறுதிப்படுத்தும். 'டக்' ஓசை, விரைவான வீக்கம், கால் நழுவும் உணர்வு ஆகிய மூன்றில் எது இருந்தாலும் எலும்பு மருத்துவரைக் காணாமல் ஆடக்கூடாது.

உட்பக்கப் பிணைநார் பெரும்பாலும் தானே கூடிவிடும். முன் குறுக்குப் பிணைநார் மூட்டு நீருக்குள் கிடப்பதால் அறுந்த முனைகளுக்கிடையில் இரத்தம் உறைந்து பாலம் போடுவது கடினம். எனவே வேறோர் இடத்துத் தசைநாணை எடுத்து அங்கே பொருத்துகிறார்கள். எல்லோருக்கும் கத்தி வேண்டும் என்பதில்லை. சுவீடனில் 121 இளைஞர்களைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், உடனே அறுவை செய்துகொண்டவர்களும், முதலில் முறையான பயிற்சி செய்து தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை செய்துகொண்டவர்களும் இரண்டாண்டு முடிவில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். எப்படியானாலும் பல மாதப் பயிற்சி தப்பாது. அறுவைக்குப்பின் ஒன்பது மாதம்வரை ஒவ்வொரு மாதம் காத்திருப்பதும் மறுபடி காயப்படும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாக்குகிறது என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வில்லியம்சன் ஆறரை மாதத்தில் திரும்பினாரே என்று கேட்காதீர்கள். அவர் முப்பதைக் கடந்த மட்டையாளர். உடன் ஒரு தேசிய அணியின் மருத்துவர்கள். உங்களுக்கு வயது பதினைந்து. ஆட்டத்துக்குத் திரும்பும் இளைஞர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதாவதொரு முழங்கால் மறுபடி அறுகிறது.

இன்னொன்று. ஏ.சி.எல். அறுந்த சுவீடன் நாட்டுக் கால்பந்துப் பெண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். சராசரி வயது 31. பாதிப் பேருக்கு மூட்டுத் தேய்வு வந்திருந்தது. நம் தாத்தாக்களுக்கு வரும் நோய்!

கால் மணி நேரம்

இப்போது ஒரு சிறு கணக்கு. 50 கிலோகிராம் எடையுள்ள நீங்கள் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகையிலிருந்து குதிக்கிறீர்கள். தரையைத் தொடும்போது உங்கள் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர். காலை விறைப்பாக வைத்து 0.05 நொடியில் நின்றால், நிறுத்துவதற்கு வேண்டிய சராசரி விசை 2,400 நியூட்டன். முழங்காலையும் இடுப்பையும் மடக்கி 0.2 நொடியில் நின்றால் 600 நியூட்டன். உடல் எடையின் 490 நியூட்டன் இரண்டிலும் தனி. இந்த விசை கால் முழுவதும் பரவுவது, பிணைநாருக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் மடக்கி இறங்குவதன் ஆதாயத்தை நியூட்டனின் இரண்டாம் விதியே சொல்லிவிடுகிறது. சோதித்துப் பார்க்கக் கருவி வேண்டாம், காது போதும். ஒரே உயரத்திலிருந்து 'தொம்'மென்று இறங்குபவரையும் பூனைபோல் ஓசையின்றி இறங்குபவரையும் நண்பர்களுடன் ஒப்பிட்டுக் கேளுங்கள். பிறகு எதிரில் நின்று பாருங்கள்: இறங்கும்போது முழங்கால் பாதத்துக்கு நேர்மேலே இருக்கிறதா, இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றனவா? சாய்ந்தால் திருத்தவேண்டியது அதைத்தான்.

இதைத்தான் ஸ்காண்டிநேவிய நாட்டவர் பாடமாக்கினார்கள். மெதுவோட்டம், ஒற்றைக்காலில் நின்று சமநிலை, ஒற்றைக்காலில் பாதி உட்கார்ந்து எழுதல், முழங்கையூன்றி உடலை நேராக நிறுத்துதல், பின்தொடைத் தசைக்குப் பயிற்சி, குதித்து ஓசையின்றி இறங்குதல், ஓடித் திரும்புதல். அவ்வளவே. நார்வேயில் 15 முதல் 17 வயதுவரையுள்ள 1,837 கைப்பந்து ஆட்டக்காரர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2005இல் வந்தது; இப்பயிற்சி செய்த குழுக்களில் முழங்கால், கணுக்கால் காயங்கள் பாதியளவு குறைந்தன. சுவீடனில் 12 முதல் 17 வயதுவரையுள்ள 4,564 கால்பந்துப் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் இருமுறை கால் மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவு: பயிற்சி செய்த 2,479 பேரில் 7 பேருக்கும், செய்யாத 2,085 பேரில் 14 பேருக்கும் ஏ.சி.எல். அறுந்தது. ஆடிய நேரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தால் 64 விழுக்காடு குறைவு.

ஏழும் பதினான்கும் சிறிய எண்களாயிற்றே என்று உங்களில் கூர்மையானவர் கேட்பார். நல்ல கேள்வி. இவற்றை மட்டும் வைத்து நானும் வாதிடமாட்டேன். இத்தகைய ஆய்வுகளின் தொகுப்புகள் பலவற்றை ஒன்றுசேர்த்து 2018இல் ஆராய்ந்தபோதும், ஏ.சி.எல். காயம் மொத்தத்தில் பாதியாகவும், பெண்களிடம் மோதாமல் நேரும் காயம் மூன்றில் ஒரு பங்காகவும் குறைவது தெரிந்தது. ஒழுங்காகச் செய்தவர்களுக்குப் பயன் மிகுதி. பாதியில் விட்டவர்களுக்குக் குறைவு.

நம்மூரில் சொல்லப்படும் மறுப்புகள் எனக்குத் தெரியும். மைதானம் மேடுபள்ளம், காலணி இல்லை, உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே, பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்கிறார். எல்லாம் உண்மை. ஆனால் ஒற்றைக்காலில் நிற்கப் புல்வெளி வேண்டாம். வகுப்பறைத் தாழ்வாரம் போதும். இப்போதும் நம் குழுக்கள் ஆட்டத்துக்குமுன் மைதானத்தை இரண்டு சுற்று ஓடி, காலைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு பத்து நிமிடம் செலவிடத்தான் செய்கின்றன. அந்தப் பத்தோடு ஐந்தைச் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொரு குழுவும் போட்டிக்குமுன் எட்டு வாரமாவது, வாரம் இருமுறை இப்பயிற்சி செய்திருக்கவேண்டும் என்று விதி வைக்கலாம். வயதுச் சான்றிதழைக் கேட்பவர்கள் இதையும் கேட்கலாமே. குழுத்தலைவர் ஒரு நோட்டில் நாளும் பெயரும் குறித்துக் காட்டினால் போதும்.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கபடிக் குழுவில் பன்னிரண்டு பேர் என்றால், ஆறு ஜோடி. ஒருவர் குதிக்க, மற்றவர் எதிரில் நின்று முழங்காலைப் பார்த்து, காதைக் கொடுத்துக் கேட்டு, "உள்ளே சாய்கிறது", "சத்தம் வருகிறது" என்று சொல்லவேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளவேண்டும்.